பிடிக்கிற பெடலா, விடுகிற பெடலா?

எழுபதைத் தொட்ட நான்கு பேர், டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல், சைக்கிள் பெடலைப் பற்றி முக்கால் மணி நேரம் வாக்குவாதம் செய்ய முடியுமா? போன ஞாயிற்றுக்கிழமை எங்களால் முடிந்தது. நால்வரும் நெய்வேலிச் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தினமும் காலையில் டவுன்ஷிப் சாலைகளில் ஒரு சுற்று, வாரத்தில் இரண்டு நாள் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதையில் ஒரு சுற்று என்று கியர் சைக்கிள் ஓட்டுகிறோம். அன்று பேச்சில் யாரும் ஜெயிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின், நான் சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லவில்லையே என்று மனது உறுத்தியது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. நமக்கெல்லாம் தெரிந்த பெடல் ஒன்று உண்டு. நடுவில் அச்சு, இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை. செருப்புக் காலோ வெறுங்காலோ, மேலே வைத்து மிதிக்க வேண்டியதுதான். இப்போது வருகிற மலைச் சைக்கிள்களில் ரப்பருக்குப் பதிலாக அகலமான அலுமினியத் தட்டோ நைலான் தட்டோ இருக்கிறது. கால் வழுக்காமல் இருக்க அதில் சின்னச் சின்ன ஆணிகள். இதற்கு ஃப்ளாட் பெடல் என்று பெயர்.

இன்னொரு வகையில் ஷூவின் அடியில் ஓர் உலோகத் துண்டைத் திருகி வைப்பார்கள். கிளீட் என்பது அதுதான். பெடலில் ஸ்பிரிங் வைத்த கொக்கி இருக்கும். மேலே வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். காலை மேலே தூக்கினால் வராது. திருப்பாமல் பக்கவாட்டில் இழுத்தாலும் வராது. காலைப் பூட்டி வைக்கிற இந்தப் பெடலுக்கு 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது என்று பெயர்! காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பந்தய சைக்கிள்களில் கால்விரலைச் செருகுவதற்கு ஒரு கம்பிக் கூடும், இழுத்துக் கட்டத் தோல் பட்டையும் இருந்தன. கிளிப் என்றது அந்தக் கூட்டைத்தான். பிரான்சில் பனிச்சறுக்குப் பலகைக்குக் காலணியைப் பிணைக்கும் கருவி செய்துவந்த லுக் கம்பெனி, அதே யோசனையை 1984-இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். அது அவருடைய ஐந்தாவது வெற்றி. கம்பிக் கூடு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 1990-இல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி, மலைச் சைக்கிளுக்கென்றே எஸ்.பி.டி. என்ற பெடலைக் கொண்டுவந்தது. அதன் கிளீட் சின்னது, ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் அடங்கிவிடும், இறங்கி நடக்கவும் முடியும்.

என் வீட்டுக்கு வந்ததும் அந்த எஸ்.பி.டி. வகைதான். பெங்களூரில் இருக்கிற மாப்பிள்ளை வாங்கி வந்தார். என் சைக்கிள், பேரன் ஹாஸ்டலுக்குப் போனபின் விட்டுவிட்டுப் போன எம்.டி.பி. அதில் பிளாஸ்டிக் பெடல் தேய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது பெட்டியோடு கொடுத்தார். ஷூவும் சேர்த்து.

"மாமா, கால் பெடல்லயே பூட்டிக்கிட்டா ஒரு மிதிகூட வீணாகாது. கீழ மிதிக்கிறப்போ மட்டும் இல்ல, மேல வர்றப்பவும் இழுக்கலாம். உங்க வயசுக்கு இதுதான் சுலபம்" என்றார்.

வயதைச் சொன்னால் நமக்கு ரோஷம் வரும் அல்லவா? அன்றே மாட்டினேன். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு பழகச் சொன்னார், பழகினேன். இரண்டு வாரம் நன்றாகவே போனது. உண்மையைச் சொல்ல வேண்டும். கால் வழுக்குகிற பயம் இல்லை. பாதம் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம். மரநிழலில், நூல் பிடித்தாற்போல் போகிற டவுன்ஷிப் சாலையில் அப்படிப் போவது தனி சுகம்.

மூன்றாவது வாரம், காலை ஆறு மணிக்கு, ஒரு பசுமாடு சாலை நடுவே வந்து நின்றது. நம் ஊர் மாடுகளுக்கு ஹாரன், மணி எல்லாம் ஒரு பொருட்டா? பிரேக் போட்டேன். சைக்கிள் நின்றது. வழக்கம்போல் இடது காலைத் தரையில் ஊன்றப் போனேன். கால் வரவில்லை. குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்குள், வெட்டிய வாழைமரம் சாய்வதுபோல் இடப்பக்கம் சாய்ந்துவிட்டேன். வேகம் பூஜ்யம். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணிக்கட்டு எலும்பில் கீறல், ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பில் நீலம் பாரித்திருந்ததே தவிர, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க" என்றார் டாக்டர்.

வலியைவிடப் பெரிய தண்டனை அதற்குப் பிறகுதான் வந்தது. "இனிமே சைக்கிளே வேண்டாம்ப்பா" என்றாள் மகள் போனில். வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். அங்கே கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த இடத்தில்தான் என் வாதம் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் என்னை எதிர்த்துப் பேசியவர், என் பழைய ஷிஃப்ட் நண்பர். ஐம்பது வயதிலிருந்தே கிளிப்லெஸ் பெடலில் ஓட்டுகிறவர். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ப்ரெவே ஓட்டங்களுக்கும் போய்வந்தவர். அவர் சொன்னார்: "நீ விழுந்தது பெடலால இல்லய்யா. பழக்கம் இல்லாததால. எனக்குக் கால் தானா திரும்பும். மழையில ஃப்ளாட் பெடல் வழுக்கி, ஆணி முழங்காலுக்குக் கீழ கிழிச்சா தெரியும் உனக்கு."

அவர் சொன்னதில் பாதி சரி. பழக்கம்தான் காரணம். ஆனால் எந்தப் பழக்கம்? அதை யோசித்தால் என் பக்கம்தான் நியாயம் வரும்.

நம் தலைமுறை சைக்கிள் கற்றது எப்படி? வாடகைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று எடுத்த பெரிய சைக்கிளில். சீட்டுக்கு மேல் ஏற எட்டாது. பாருக்கு அடியில் காலை விட்டு, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் மறு கையால் சீட்டையும் பிடித்து, அரை வட்டம் அரை வட்டமாக மிதித்தோமே, அந்தக் குரங்குப் பெடல்தான் நம் முதல் பள்ளிக்கூடம். அதில் முதல் பாடம் மிதிப்பது இல்லை. சைக்கிள் சாயும்போது காலை வெளியே எடுத்துத் தரையில் குத்துவது. ஒன்பது வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்றது அது. பிறகு பள்ளிக்கூடம், வேலை, மார்க்கெட், பின்னால் கேரியரில் மனைவி, முன்னால் பாரில் குழந்தை என்று அறுபது வருஷம் அதே பழக்கம். சாய்ந்தால் கால் நேராகப் பக்கவாட்டில் போகும். யோசித்துப் போவதில்லை, தானாகவே போகும்.

நிதானமாக நிற்கும்போது புதுப் பழக்கம் வேலை செய்யும். சுவரைப் பிடித்துக்கொண்டு பழகும்போதும் செய்யும். திடுக்கிடும் நேரத்தில் உடம்பு கேட்பது பழைய பழக்கத்தைத்தான். என் இரண்டு வாரப் பழக்கமும் அறுபது வருஷப் பழக்கமும் அரை நொடியில் மோதினால் எது ஜெயிக்கும்? நண்பருக்கு இருபது வருஷப் பயிற்சி. அவர் ஓட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவரைப் பார்த்து, அறுபத்தைந்தில் ஒருவர் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

விழுகிற விதமும் முக்கியம். ஓடுகிற சைக்கிளிலிருந்து விழுந்தால் உருளலாம், தேயலாம். கால் பூட்டியபடி நின்ற இடத்தில் விழுந்தால் நேராகப் பக்கவாட்டில், இடுப்பு எலும்பின்மேல் விழுவோம். வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிவதற்கு மிக வாகானது அந்தப் பக்கவாட்டு விழுதல்தான் என்று எலும்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். இருபத்தைந்து வயதில் அப்படி விழுந்தால் கூட்டாளிகள் சிரிப்பார்கள், எழுந்து போய்விடலாம். நம் வயதில் அதே விழுதலுக்கு ஆபரேஷன், வாக்கர், மாதக்கணக்கில் கட்டில் என்று போகும். படுத்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருந்தவன். அங்கே கற்ற ஒரு பாடத்தைச் சொல்கிறேன். கன்வேயர் பெல்ட் எவ்வளவு மண்ணை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகிறது என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். அதன் ஓரமாக, நீளம் முழுக்க ஒரு கயிறு போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதுதான் புல் கார்டு. ஆபத்து என்றால் எந்த இடத்தில் நிற்கிறவனும் அதை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். இழுப்பதற்குப் படிப்பு வேண்டாம், யோசனை வேண்டாம். தடுமாறி அதன்மேல் சாய்ந்தாலே போதும். பயந்துபோன மனிதனின் கைக்கு எட்டுகிற மாதிரி, பயந்துபோன மனிதன் செய்யக்கூடிய மாதிரி வைத்திருந்தார்கள். 'முதலில் இடப்பக்கம் திருப்பு, பிறகு இழு' என்று வைத்திருந்தால் எத்தனை பேர் கை கால் போயிருக்கும்? கிளிப்லெஸ் பெடல் அப்படித்தான் கேட்கிறது. முதலில் திருப்பு, பிறகு எடு என்கிறது. இளைஞனுக்கு அது சரி. நமக்கு வேண்டியது சாய்ந்தாலே விடுகிற பெடல்.

சரி, 'மேலே வரும்போதும் இழுக்கலாம், சக்தி மிச்சம்' என்ற மாப்பிள்ளையின் வாதம்? அதையும் தேடிப் படித்தேன். 2007-இல் கோர்ஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சைக்கிள் வீரர்களை வேண்டுமென்றே காலை மேலே இழுத்து மிதிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். விசை கிராங்கின் சுற்றுக்கு இசைவாகத்தான் போனது. ஆனால் அதே வேலைக்கு உடம்பு செலவழித்த சக்தி கூடிவிட்டது. யோசித்தால் புரிகிறது. கீழே மிதிப்பதற்குத் தொடையிலும் பிட்டத்திலும் பெரிய தசைகள் இருக்கின்றன. மேலே இழுப்பது சின்னத் தசைகளின் வேலை. பந்தயத்தில் கடைசி நூறு மீட்டருக்கு அது உதவலாம். வில்லுடையான்பட்டு முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவனுக்கு எதற்கு?

'நல்ல ஓட்டக்காரர்கள் எல்லாம் கிளிப்லெஸ்தான்' என்றும் நண்பர் சொன்னார். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் என்பவர், மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் டவுன்ஹில் பந்தயத்தில் 2006, 2007, 2010 என மூன்று முறை உலகச் சாம்பியன். பிறகு 2017 முதல் 2019 வரை மூன்று வருஷமும் என்டியூரோ உலகத் தொடரை ஜெயித்தார். எல்லாம் ஃப்ளாட் பெடலில். பாறையும் வேருமாகக் கிடக்கிற சரிவில் அந்த மனிதருக்குப் போதுமான பெடல், முந்திரித் தோப்பில் நமக்குப் போதாதா?

தோப்பு என்றதும் இன்னொன்று. நம் பக்கத்துச் செம்மண் பாதை வெயில் காலத்தில் இளகிய மணல். முன்சக்கரம் திடீரென்று புதையும். ஐப்பசி, கார்த்திகையில் அதே பாதை களிம்பு மாதிரி ஒட்டும். இறங்கி நான்கு அடி நடந்து திரும்ப ஏறினால், கிளீட் பள்ளத்தில் மண் அப்பிக்கொள்ளும். பூட்டவும் பூட்டாது, சில நேரம் பூட்டினால் கழல்வதற்கும் அடம்பிடிக்கும். குச்சி வைத்து நோண்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஃப்ளாட் பெடலில் ஷூவை ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது.

நண்பர் சொன்ன வழுக்கலுக்கும் ஆணிக்கும் வருகிறேன். பழைய ரப்பர் கட்டைப் பெடல் நனைந்தால் வழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து காலைப் பூட்டுவது இல்லை, நல்ல ஃப்ளாட் பெடல் வாங்குவது. பாதத்தின் அகலத்துக்குத் தட்டு இருக்க வேண்டும். ஆணி கூர்மையாக இல்லாத நைலான் பெடல் நமக்குப் போதும். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. அடிப்பாகம் தட்டையான, கொஞ்சம் விறைப்பான ரப்பர் ஷூ போடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். பெடலின் அச்சு விரல் நுனிக்கு நேராக இல்லாமல், முன்பாதத்தின் திரட்சிக்குச் சற்றுப் பின்னால் வருமாறு பாதத்தை வையுங்கள். கெண்டைக்கால் வலி குறையும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இன்னொரு லாபம். போகப்போகப் பாதத்தைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். கிளீட்டைக் கோணலாகப் பொருத்திவிட்டால் அந்தக் கோணத்திலேயே முழங்கால் ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்ற வேண்டும்.

சீட்டையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும். சீட்டைத் தாழ்த்தினால் மிதிக்கும் பலம் சற்றுக் குறையும் என்று புத்தகம் சொல்லும். குறையட்டும். நாம் யாரோடு போட்டி போடுகிறோம்?

நீங்களே பெடல் மாற்றுவதானால் ஒரு எச்சரிக்கை. 15 எம்.எம். ஸ்பேனர் பெரும்பாலும் சேரும். வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர் மரை, கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தானாக இளகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் பலம் போட்டு கிராங்கின் மரையைக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

கிளிப்லெஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. பல திசையிலும் கழல்கிற கிளீட் வருகிறது. ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஆலன் கீ வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் பூட்டு, மறு பக்கம் தட்டை என்ற இரட்டைப் பெடலும் உண்டு. ஆனால் ஊருக்குள், மாடும் நாயும் ஸ்கூல் வேனும் குறுக்கே வருகிற இடத்தில், தட்டைப் பக்கம்தான் கால் இருக்க வேண்டும்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் பெடல் மட்டும் இல்லை. எங்களோடு ஓட்டிக்கொண்டிருந்த சிலர் ஒரே ஒரு முறை விழுந்தார்கள். அத்தோடு வீட்டில் சைக்கிளை விற்றுவிட்டார்கள். சைக்கிள் போனபின் மார்க்கெட் போவது நின்றது, கோயில் போவது நின்றது, டீக்கடைக்கு வருவதும் நின்றது. இப்போது டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளில்கூட இவ்வளவு தூரம் அவர்கள் எங்களை விட்டுப் போகவில்லை. நம் வயதில் ஒரு விழுதலுக்கு அவ்வளவு விலை. அதனால் எந்தப் பெடல் நம்மை வேகமாகக் கொண்டுபோகும் என்று கேட்காதீர்கள். எந்தப் பெடல் நாளைக்கும் நம்மைச் சைக்கிளில் ஏற விடும் என்று கேளுங்கள்.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து, அகலமான நைலான் பெடல் மாட்டி, வீட்டுக்காரம்மாவை வாசலில் உட்கார வைத்து, அவள் கண் முன்னால் இருபது முறை நின்று, காலை ஊன்றி, ஏறிக் காட்டினேன். சாவி சாமி அலமாரியிலிருந்து இறங்கியது. மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "பெடல் பத்திரமா இருக்கு, பேரன் வந்தா மாட்டிக்கட்டும்" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

போன வாரம் அதே சாலையில், அதே மாடுதான் என்று நினைக்கிறேன், மறுபடியும் குறுக்கே வந்து நின்றது. பிரேக் போட்டேன். நான் யோசிப்பதற்குள் இடது கால் தரையில் இருந்தது. மாடு அசைபோட்டு முடிக்கிறவரை நின்றுவிட்டு, வீடு வந்து சேர்ந்தேன்.